காலளவுக்கு ஒரு வண்டி

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பேனாவைத் திட்டாதே, தூக்கத்தைத் திட்டு. பகலில் இந்த வீட்டில் ஒரு காகிதமும் முழுசாக இருப்பதில்லை, உன் மருமகன் கிழித்துவிடுகிறான். ஒன்றரை வயசுக்கு என்ன விரல் பலம்! இப்போதுதான் கண் அசந்தான். இவருக்கு இந்த மாதம் முழுக்க அச்சகத்தில் இரவு வேலை. அத்தையும் படுத்துவிட்டார்.

நீ எப்படி இருக்கிறாய்? குனிந்து குனிந்து வெட்டுவதால் வந்த கழுத்து வலி தேவலையா? அண்ணி நலம்தானே? இங்கே எல்லோரும் சுகம். வாண்டுவுக்குப் போன வாரம் சளி பிடித்திருந்தது, சரியாகிவிட்டது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எழுந்து போய் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். இதோ, இந்த வரிக்கு முன்பும் போய்விட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறோம். ஷோரூமுக்குப் போனால் விற்பவர் எஞ்சின் என்கிறார், மைலேஜ் என்கிறார், விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார். உட்காருகிற ஆளுக்கு வண்டி பொருந்துகிறதா என்று மட்டும் பேச்சே இல்லை. பதினைந்து வருடமாக டேப்பும் கையுமாக இருக்கிறவன் நீ. ஒரு காலத்தில் வண்டியும் ஓட்டியிருக்கிறாய். உடம்புக்கு வண்டி பொருந்துகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

போனில் கேட்கலாம்தான். உன் கடைப் போனில் நான் ஹலோ என்றால் பட்டன் தைக்கிறவர் உள்பட நாலு பேர் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கை குருவிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நாங்கள் நலம். கழுத்து இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, திரும்பத்தான் மாட்டேன் என்கிறது. உன் அண்ணி, "பரவாயில்லை, இனிமேலாவது ரோட்டைப் பார்த்து நடப்பீங்க" என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு வண்டி என்றால் கவலையே வேண்டாம். அவருடைய கல்யாண உடுப்பு தைத்த அளவு என் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. கால் உள்ளளவு முப்பத்திரண்டரை. அந்தக் காலுக்கு ஒட்டகமே வாங்கினாலும் தரை எட்டும்.

ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன். முதலில் கால் உள்ளளவு. சுவரில் முதுகை ஒட்டி நின்று, கவட்டையிலிருந்து குதிகால் வரை எடுக்க வேண்டும். அதையும் சீட் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார். அது மட்டும் போதாது. சீட்டின் முன்பக்கம் அகலமாக இருந்தால் அந்த அகலம் காலைத் தின்றுவிடும். பேன்ட்டில் கவட்டையில் துணி கூடினால் கால் குட்டையாகிவிடும் இல்லையா, அதே கதை. கை நீட்டினால் முழங்கை கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். இன்னொன்று: நிறுத்தும்போது வலது கால் பிரேக்கில் இருக்கும். அப்போது இடது கால் ஒன்றுதான் மொத்த வண்டியையும் தாங்கும். அதனால் ஒற்றைக் காலில் நின்று பார்த்து வாங்கச் சொல்.

அளவு எடுக்கும்போது பெருமை பார்க்கக் கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் டேப்பைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் உட்காரும்போது பட்டன் தெறித்தால் தையல்காரன் மேல் பழி.

ஒரு சந்தேகம். அச்சகம் உங்கள் தெருக்கோடியில்தானே இருக்கிறது? தெருக்கோடிக்குப் போக மாப்பிள்ளைக்கு வண்டி எதற்கு?

உன் அண்ணன்


மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே ஆகுக. இன்றைக்கும் நேரம் கெட்ட நேரம்தான். வாண்டுவுக்குப் பல் முளைக்கிறது, என் தோள்பட்டைதான் கடிக்கக் கிடைத்தது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வண்டி இவருக்கில்லை, எனக்கு.

வேலை கிடைத்திருக்கிறது, அண்ணா. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். படித்த வேதியியல் பால்புட்டி கழுவத்தானா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிணறு, தொட்டி, குழாய் என்று நாளுக்குப் பன்னிரண்டு இடத்தில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் நாலு இடம்கூட முடியாது. பாதி ரோடு கருங்கல் ஜல்லி. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் குதிக்கிற குதியில் புட்டி உடைந்துவிடும் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களே சொல்கிறார்கள். சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் வேலை. ஜூன் பதினைந்துக்குள் வண்டி எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும், ஜூலை முதல் தேதி சேர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

மைதானத்தில் இவருடைய நண்பர் வண்டியில் இரண்டு மாதமாகப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். அந்த வண்டி குள்ளம், பழசு, விற்பனைக்கும் இல்லை. குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லிவிட்டார். "வண்டி வாங்கறியா, மாடி வீடு வாங்கறியா? ஏறி உக்கார ஏணி வேணும் போலிருக்கே" என்று கிண்டல் மட்டும் நிற்கவில்லை.

அன்றைக்கு நாய் குறுக்கே வந்து நாம் விழுந்த பிறகு நீ வண்டியை விற்றாய். நம் வீட்டுக்கு இனி இரண்டு சக்கரம் வேண்டாம் என்றாய். பன்னிரண்டு வருடமாக நடந்தும் பஸ்ஸிலுமே போகிறாய். அதனால்தான் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கோபமா?

என் கால் உள்ளளவு இருபத்தேழு. எவ்வளவு சீட் உயரம் பார்க்கட்டும்?

உன் குருவி


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும்.

வேலை கிடைத்தது சந்தோஷம். கோபம் இல்லை.

இருபத்தேழு அங்குலக் காலுக்குக் கனமான ஷூ போட்டால் இருபத்தெட்டு. சீட் இருபத்தொன்பதுக்கு மேல் போக வேண்டாம், ஆள் உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்கும். அதிலும் இன்னும் ஓர் அங்குலம் குறைத்தே பார். காரணம் கேட்காதே.

கடையில் வேலை அதிகம். அண்ணி விசாரித்தாள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. மூன்று வாரம் காத்திருந்ததற்கு ஒன்பது வரி!

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாமல் படி. ஷோரூமில் ஒரு சிவப்பு வண்டி. பார்த்ததும் மனசு போய் ஒட்டிக்கொண்டது. சீட் முப்பத்தொன்று. நீ சொன்னது நினைவிருந்தது. ஆனால் விற்பவர், "மேடம், ரெண்டு பக்கமும் கால் விரல் பட்டாப் போதும், ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். விரல் பட்டது. வாங்குவதற்கு முன் பின்புற முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். ஓட்டினேன், அண்ணா! ஓடுகிற வரைக்கும் ராஜா மாதிரி ஓடியது. திரும்பி வந்து பிரேக் பிடித்தேன், இடது காலை ஊன்றினேன், தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நின்ற இடத்திலேயே வண்டியும் நானும் இடது பக்கம் பொத்தென்று சாய்ந்தோம்.

முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. வண்டிக்கு ஒரு கண்ணாடி போயிற்று. விற்பவர் முகம் மாறிவிட்டது. "லேடீஸுக்கு ஸ்கூட்டர்தாங்க சரி" என்றார். அத்தை வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "தம்பி, செருப்பு கடிச்சா வேற சைஸ் எடுத்துக் குடுப்பியா, காலை மாத்திட்டு வான்னு சொல்லுவியா?" என்று கேட்டார். அந்த ஆள் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கப் போய்விட்டார்.

நான் விழுந்ததும் வாண்டு கைதட்டிச் சிரித்தான். அவனுக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு ஒன்று ஆனால் அவன் யாரைக் கடிப்பான்?

உட்கார்ந்து பார்த்தபோது விரல் பட்டதே, நிறுத்தும்போது மட்டும் இடது கால் ஏன் எட்டவில்லை? எங்கே தப்பு என்று புரியவில்லை. நீ சொல், அண்ணா.

உன் குருவி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா என்று கேட்பது இந்தத் தடவை சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடைக்குப் போன் செய்தேன். "அண்ணன் வெளியே போயிருக்கார்" என்றார்கள். பின்னால் உன் இருமல் கேட்டது.

என் மேல் கோபம் என்றால் நாலு வார்த்தை திட்டி எழுது. திட்டு எனக்குப் பழக்கம். இந்த மௌனம்தான் பழக்கமில்லை.

கூடத்து அதிகாரி அம்மாள் நேற்று ஆள் விட்டுக் கேட்டார், வண்டி என்ன ஆயிற்று என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். எதைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு ஷோரூமிலும் ஏறி உட்கார்கிறேன், இடது காலை ஊன்றுகிறேன், இறங்கிவிடுகிறேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் வேலை வேண்டும், அண்ணா. ரொம்ப வேண்டும்.

உன் தங்கை


மே 12

அன்புத் தங்கை குருவிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன், உன் மகனே தேவலை. இது ஐந்தாவது. இதைக் கிழிப்பதற்கு முன் உன் அண்ணி பிடுங்கித் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை.

அந்த வண்டி எனக்கு உயரம். வாங்கும்போதே தெரியும். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வாங்கினேன். கால் எட்டுவதற்காகச் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி ஷூவுக்கு இரட்டைக் குதிகால் வைத்துக்கொண்டேன். ஓடும்போது ஒன்றும் தெரியாது. அன்று அந்த மேட்டு முனையில் நிறுத்தினேன், பின்னால் நீ, காலை ஊன்றினேன், எட்டவில்லை. நின்ற வண்டியைக் கீழே போட்டேன், குருவி. உன் இடது கால் மேல். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் எப்படி விழுந்தது என்று கேட்டார். நாய் என்று வாயில் வந்துவிட்டது.

மாவுக்கட்டு பிரித்த பிறகு எலும்பு அரை அங்குலம் குறைவாகச் சேர்ந்திருந்தது. வீட்டில் யாரும் பேசவில்லை. நான் மட்டும் பேசாமல் பேசிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக உனக்கு நான் தைத்த ஒவ்வொரு பேன்ட்டிலும் இடது கால் அரை அங்குலம் குறைவு. இரண்டு மடிப்பும் தரையில் மட்டமாக விழும். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நீ இருபத்தேழு என்று எழுதினதும் அது வலது கால் என்று தெரிந்துவிட்டது. இடது கால் இருபத்தாறரை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதை எழுதினால் ஏன் என்றும் எழுத வேண்டும். அதனால் "ஓர் அங்குலம் குறை, காரணம் கேட்காதே" என்று தப்பித்தேன். காரணம் தெரியாத புத்திமதியை யார் கேட்பார்கள்? நீ மறுபடி விழுந்தாய். ஒரு தடவை பொய்யால் மூடினேன், ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன். இரண்டுக்கும் உன் இடது கால்தான் அகப்பட்டது.

சிவப்பு வண்டியை விடு. வேலையை விடாதே. இருபத்தாறரையை வைத்துத் தேடு. சீட் குறுகலான வண்டியாகப் பார். உயரம் மிச்சம் இருந்தால் சீட்டுக்குள் இருக்கிற நுரைமெத்தையைச் செதுக்கித் தைக்கிற ஆள் ஊருக்கு ஒருவராவது இருப்பார். முன்பக்கத்தை ஒடுக்கச் சொல், இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. எழுத முடிந்தது இவ்வளவுதான்.

உன் அண்ணன்


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ நலமாக இருந்தே ஆக வேண்டும், உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

நாய் வரவில்லை என்று எனக்குத் தெரியாதா? நான் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன்! ஆஸ்பத்திரியில் அப்பா என்னைத் தனியாகக் கேட்டபோது, "கறுப்பு நாய்ப்பா, வாலில் வெள்ளை" என்று சொன்னதே நான்தான். நீ வெறும் நாய் விட்டாய், நான் அதற்கு நிறம் அடித்தேன். நீ அடி வாங்குவாய் என்று பயம். அப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, உனக்கு நாய் வேண்டியிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பேன்ட் விஷயமும் தெரியும். கல்லூரியில் முதல்முறை கடையில் ரெடிமேட் வாங்கிப் போட்டேன். இடது பக்கம் மட்டும் தரையைப் பெருக்கியது. அன்றைக்கே புரிந்துவிட்டது, யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று.

தப்பில் எனக்கும் பங்கு உண்டு. டேப்பைக் கையில் எடுத்ததும் கை தானாக வலது காலுக்குப் போயிற்று. இடது காலை ஒருநாளும் அளந்ததில்லை. உன் கடைக்கு வருகிறவர்கள் வயிற்றை இழுத்துக்கொள்கிறார்களே, நான் காலை இழுத்துக்கொண்டேன்.

இப்போது கேள். சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி பார்த்திருக்கிறேன். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, இவர் "பாத்திரம் விளக்கி வச்ச மாதிரி இருக்கு" என்கிறார். சீட் இருபத்தொன்பது, இடுப்பு ஒடுங்கினது. கைக்கு எல்லாம் எட்டுகிறது. இடது கால் மட்டும் நுனியில் நின்றது. ஷோரூமிலேயே விசாரித்து, சீட் தைக்கிறவர் ஒருவரிடம் போனோம். வயசாளி, நுரையை வெட்ட ரொட்டிக் கத்தி வைத்திருக்கிறார். இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக எடுங்கள் என்றேன்.

"ஏம்மா ஒரு பக்கம் மட்டும்?" என்றார்.

பஜார் நடுவில், இவர் பக்கத்தில் நிற்க, சொன்னேன்: "என் இடது கால் அரை அங்குலம் குட்டை."

"என்னது?"

"இடது கால் அரை அங்குலம் குட்டைங்க!" கத்தினேன். எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்படியா. எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. இந்தப் பக்கம் வந்து பேசு" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். அவ்வளவுதான், அண்ணா. பன்னிரண்டு வருடம் நாம் தூக்கிச் சுமந்தது அவருக்குக் கால் மணி நேர வேலை.

உட்கார்ந்து பார்த்தேன். இடது பாதத்தின் முன்பாதி முழுசாகப் பதிகிறது. வாங்கிவிட்டேன்.

உன் குருவி


ஜூன் 3

அன்புத் தங்கை குருவிக்கு,

நலம். கழுத்து திரும்புகிறது! வைத்தியம் எதுவும் செய்யவில்லை.

கறுப்பு நாய், வாலில் வெள்ளை! கடையில் வைத்துத்தான் படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பட்டன் தைக்கிறவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை, அதையும் பார்த்துவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷன்.

வண்டி எண்ணைச் சீக்கிரம் கொடுத்துவிடு. இருக்கிற நாளில் ஓட்டிப் பழகாதே, நின்று பழகு. ஓட்ட உனக்கு வரும். மேட்டில் நிறுத்து, சரிவில் நிறுத்து, வெறும் பெட்டியோடு நிறுத்து, பெட்டி நிறையத் தண்ணீர்ப் புட்டி வைத்து நிறுத்து. நூறு தரம் நின்றுவிட்டு அப்புறம் வேலைக்குப் போ.

வாண்டுவுக்கு என் முத்தம். கடிக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்.

உன் அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே? இங்கே அத்தைக்கு மட்டும் கை வலி. வாண்டுவைத் தூக்கித் தெருமுனை வரை வந்து வழியனுப்புகிறார் தினமும். அவன் முதல் மூன்று நாள் அழுதான். இப்போது "டுர்ர்" என்று சத்தம் போட்டு என்னை விரட்டுகிறான். நான்தான் முனை திரும்பிய பிறகு ஒரு நிமிடம் நிறுத்திக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போகிறேன். பயம் போகவில்லை, அண்ணா. பயத்தோடேயே பன்னிரண்டு இடமும் போய் வந்துவிடுகிறேன்.

ஒன்பது நாள் ஆயிற்று. இதுவரை ஒரு புட்டிகூட உடையவில்லை. மூன்று கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன், இரண்டை உடனே மூடிவிட்டார்கள். மூன்றாவது கிணற்றுக்காரர், "நேத்து வந்த பொண்ணு சொன்னா மூடணுமா?" என்று குதித்தார். மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்று மறுபடி புட்டியில் பிடித்தேன். இன்று தானாக மூடியிருக்கிறார்.

நேற்று ஒரு மேட்டில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. பின்னால் பஸ் முட்டுகிற மாதிரி வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறான். பெட்டி நிறையத் தண்ணீர். வலது கால் பிரேக்கில். இடது காலை ஊன்றினேன். தரை இருந்தது. லாரி கிளம்ப நாலு நிமிடம் ஆயிற்று, நாலு நிமிடமும் நின்றேன். பஸ்ஸிலிருந்து யாரோ, "அம்மா, தள்ளி விடட்டுமா?" என்றார்கள். "வேண்டாங்க, நிக்கிறேன்" என்றேன்.

மழைக்கு முன்னால் நீ இங்கே வர வேண்டும். ஸ்டேஷனுக்கு அத்தையும் வருவார், அண்ணியை அவரோடு பஸ்ஸில் அனுப்பிவிடலாம். நீ ஸ்டேஷனில் இறங்கி வாடகை வண்டி எதுவும் தேடாதே, நான் வந்து நிற்பேன். நீ பின்னால் உட்காருகிறாய். மேட்டு ரோடு வழியாகத்தான் வீடு, வேறு வழி கிடையாது, கண்ணை மூடிக்கொள்வது உன் இஷ்டம்.

உனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வைக்க வேண்டும். ஊர் முழுக்க அளவெடுத்தவனுக்கு யாரும் அளவெடுத்திருக்க மாட்டார்கள். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி, உன் தலை எத்தனை அங்குலம், எந்த ரயில், என்றைக்கு வருகிறாய் என்று எழுது. சீக்கிரம் பதில் போடு, அண்ணா.

உன் குருவி